சீருடையில் இருப்பவர் மீது கொலைப்பழி வந்தால் விசாரிப்பது யார்?

(நமது அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில், சட்ட விழிப்புணர்வு வரிசையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





இந்த வரிசையில் வாரிசுச் சான்றிதழ், வீட்டு வாடகை ஒப்பந்தம், கைது செய்யப்பட்டவரின் உரிமைகள் என்று பல விஷயங்களைப் பார்த்து வந்திருக்கிறோம். இன்று எடுத்துக்கொள்வது கொஞ்சம் கனமான விஷயம். ராணுவ வீரர் ஒருவர் மீது கொலை போன்ற பெரிய குற்றச்சாட்டு வந்தால், அவரை நாம் அறிந்த சாதாரண நீதிமன்றம் விசாரிக்குமா, ராணுவமே தன் நீதிமன்றத்தில் விசாரித்துக்கொள்ளுமா என்பதுதான் கேள்வி.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் பிழைப்புக்காக நாடு முழுவதும் போகிறார்கள். துணி வியாபாரத்துக்குப் போகிறவர் உண்டு, கட்டட வேலைக்குப் போகிறவர் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளில் ராணுவத்தில் சேர்ந்து எல்லையில் நிற்பவர்களும் உண்டு. ஆகவே இந்தச் சட்டம் இரண்டு பக்கமும் நம் வீட்டு வாசலைத் தொடுகிறது. அடுத்து, பத்திரிகையில் ஒரு செய்தியைப் படித்துவிட்டு, "ராணுவத்தை யாரும் எதுவும் கேட்க முடியாது" என்று சிலர் பேசுகிறார்கள். "ராணுவம் தப்பே செய்யாது" என்று வேறு சிலர் பேசுகிறார்கள். சட்டம் இந்த இரண்டையும் சொல்லவில்லை. சட்டம் என்ன சொல்கிறது, நடைமுறையில் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

காவல்துறை வேறு, ராணுவம் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். காக்கி உடுப்பு போட்ட மாநிலக் காவலருக்குத் தனி நீதிமன்றம் கிடையாது. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கை நாம் எல்லோரும் அறிவோம். அதில் குற்றம் சாட்டப்பட்ட காவலர்கள் மதுரை மாவட்ட நீதிமன்றத்தில், மற்றவர்களைப் போலவே கூண்டில் நிற்க வேண்டியிருந்தது.

ராணுவத்துக்கு மட்டும் 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம் என்ற தனிச் சட்டம் இருக்கிறது. கடற்படைக்கும் விமானப்படைக்கும் எல்லைப் பாதுகாப்புப் படைக்கும் இதே போலத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. இந்தச் சட்டங்களின்படி அமைவதுதான் 'கோர்ட் மார்ஷல்' என்று நாம் சொல்லும் ராணுவ நீதிமன்றம். அது நிரந்தரமான நீதிமன்றம் அல்ல. ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கூட்டப்படுகிறது. பெரிய வழக்குகளை விசாரிக்கும் பொது ராணுவ நீதிமன்றத்தில் குறைந்தது 5 அதிகாரிகள் அமர்வார்கள். அவர்கள் நீதிபதிகள் அல்லர், ராணுவ அதிகாரிகள். சட்ட ஆலோசனை சொல்ல ராணுவச் சட்டப் பிரிவின் அதிகாரி ஒருவர் உடன் இருப்பார். அவர்கள் கொடுக்கும் தீர்ப்பும் தண்டனையும் மேலதிகாரி உறுதி செய்த பிறகே செல்லுபடியாகும்.

இப்படி ஒரு ஏற்பாடு ஏன் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். படை என்பது கட்டளைக்குக் கீழ்ப்படிவதால் நிற்பது. காவல் நேரத்தில் தூங்கியது, மேலதிகாரியை அடித்தது, முகாமை விட்டு ஓடியது போன்ற குற்றங்களைச் சாதாரண நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். போர்முனையில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்க முடியாது. இந்த அளவில் ராணுவ நீதிமன்றம் தேவைதான், அதில் யாருக்கும் சண்டை இல்லை. பொதுமக்களில் ஒருவர் உயிரிழக்கும்போதுதான் கேள்வி வருகிறது.

சட்டத்தில் எழுதியிருப்பது என்ன?

ராணுவச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, வீரர் ஒருவர் திருட்டு, அடிதடி போன்ற சாதாரணக் குற்றம் செய்தாலும் அதை ராணுவ நீதிமன்றமே விசாரிக்கலாம் என்கிறது. அடுத்த பிரிவான 70 அதற்கு ஒரு வேலி போடுகிறது. ராணுவச் சட்டத்துக்கு உட்படாத ஒருவரை, அதாவது உங்களையும் என்னையும் போன்ற ஒருவரை, வீரர் கொலை செய்தாலோ, கொலையாகாத மரணம் விளைவித்தாலோ, பாலியல் வன்கொடுமை செய்தாலோ, ராணுவ நீதிமன்றம் அந்த வழக்கைத் தொடக்கூடாது. அது சாதாரண நீதிமன்றத்துக்கே போக வேண்டும்.

நம் சென்னையிலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2011 ஜூலையில் தீவுத்திடல் பக்கம் உள்ள ராணுவக் குடியிருப்புக்குள், வாதாங்கொட்டை பறிக்க நண்பர்களோடு நுழைந்த 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். பக்கத்துக் குடிசைப் பகுதியைச் சேர்ந்த ஏழைப் பிள்ளை. சி.பி.சி.ஐ.டி. விசாரித்து, ஓய்வு பெற்ற லெப்டினன்ட் கர்னல் ஒருவரைக் கைது செய்தது. சென்னை விரைவு நீதிமன்றம் 2012 ஏப்ரலில், அதாவது ஓராண்டுக்குள், அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் ஓய்வு பெற்றவர் என்பதால் ராணுவச் சட்டம் அங்கே பொருந்தவில்லை. அவர் பணியில் இருந்திருந்தாலும், சென்னையில் சாதாரணமாகக் குடியிருந்தபோது பொதுமகன் ஒருவரைக் கொன்ற வழக்கு என்பதால், 70-ஆவது பிரிவின்படி அது சாதாரண நீதிமன்றத்துக்குத்தான் வந்திருக்கும்.

ஆனால் அந்த வேலியில் மூன்று வாசல்கள் உண்டு. வீரர் 'களப்பணியில்' இருக்கும்போது செய்திருந்தால், இந்தியாவுக்கு வெளியே செய்திருந்தால், அரசு குறிப்பிட்டு அறிவித்த எல்லைச் சாவடியில் செய்திருந்தால், கொலை வழக்கையும் ராணுவ நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். களப்பணி என்றால் போர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எந்தப் பகுதியில் இருக்கும் படையினர் களப்பணியில் இருப்பதாகக் கருதப்படுவார்கள் என்று மத்திய அரசே அறிவிக்கலாம் என்கிறது 9-ஆவது பிரிவு. காஷ்மீர், வடகிழக்கு என்று நாம் செய்தியில் படிக்கும் வழக்குகள் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் ராணுவ நீதிமன்றத்துக்குள் போகின்றன.

ஆக, ஒரே கொலை சென்னையில் நடந்தால் ஒரு நீதிமன்றம், குப்வாராவில் நடந்தால் இன்னொரு நீதிமன்றம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை யாரிடம்?

இரண்டு நீதிமன்றங்களுக்கும் அதிகாரம் இருக்கும் வழக்கில் எங்கே விசாரிப்பது என்று யார் முடிவு செய்வது? 125-ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் பணிபுரியும் படைப்பிரிவின் தளபதிதான் முதலில் முடிவு செய்கிறார். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தாலும், நீதித்துறை நடுவர் உடனே விசாரணையைத் தொடங்கிவிட முடியாது. தளபதிக்கு எழுத்து மூலம் அறிவிப்பு கொடுத்து, 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி 15 நாட்கள் காத்திருக்க வேண்டும். "நாங்களே விசாரிக்கிறோம்" என்று ராணுவம் சொன்னால் வழக்கு அங்கே போய்விடும். நடுவருக்கு அது சரியாகப் படவில்லை என்றால், 126-ஆவது பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவரை ஒப்படைக்கும்படி கேட்கலாம். தளபதி சம்மதிக்காவிட்டால் விஷயம் மத்திய அரசிடம் போகும். அதன் முடிவே இறுதி.

சகோதரர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள். சாதாரண வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் முதலாளி, "என் ஆளை நானே விசாரித்துக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியாது. இங்கே சட்டமே அந்த வாய்ப்பைக் கொடுத்திருக்கிறது. இது அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவத்துக்கு எதிரானது என்று ராம் சரூப் என்ற சிப்பாயின் வழக்கில் பல ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றத்தில் வாதிடப்பட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தளபதி மனம்போனபடி முடிவு செய்வதில்லை, நடுவரின் ஆட்சேபத்துக்கும் அரசின் இறுதி முடிவுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதே அதன் கருத்து.

இன்னொரு பூட்டும் இருக்கிறது. ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள பகுதியில், அந்தச் சட்டத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்த செயலுக்காக ஒரு வீரர் மீது வழக்கு நடத்த, மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 1958-ஆம் ஆண்டின் சட்டத்தில் இது 6-ஆவது பிரிவு. 1990-ல் ஜம்மு காஷ்மீருக்காக வந்த சட்டத்தில் 7-ஆவது பிரிவு. இந்த இரண்டு பூட்டுகளும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பத்ரிபல்: 14 ஆண்டுகள்

2000 மார்ச் 20-ஆம் தேதி இரவு, காஷ்மீரின் அனந்த்நாக் மாவட்டத்தில் சிட்டிசிங்போரா என்ற ஊரில் 35 சீக்கியர்களை ஆயுதம் ஏந்தியவர்கள் நிற்க வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். கொடுமையான படுகொலை. அந்தக் குடும்பங்களுக்கும் நீதி வேண்டும் என்பதை இந்த உரையில் அழுத்தமாகவே சொல்லிவிடுகிறோம்.

ஐந்து நாட்கள் கழித்து, மார்ச் 25 அன்று, பத்ரிபல் என்ற இடத்தில் ஐந்து பேர் மோதலில் கொல்லப்பட்டதாக அறிவிப்பு வந்தது. அவர்கள்தான் சீக்கியர்களைக் கொன்ற வெளிநாட்டுத் தீவிரவாதிகள் என்று சொல்லப்பட்டது. அதே நாட்களில் சுற்று வட்டாரத்து ஊர்களில் ஆண்கள் சிலரைக் காணவில்லை என்று குடும்பத்தார் தேடிக்கொண்டிருந்தார்கள். மக்கள் போராடினார்கள். போராடியவர்கள் மீதும் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு கபர்கள் தோண்டப்பட்டு, கருகிய உடல்கள் வெளியே எடுக்கப்பட்டன. முதலில் அனுப்பிய மரபணு மாதிரிகளில் மோசடி நடந்திருந்தது தெரியவந்தது. மறுபடி எடுத்த மாதிரிகளில், இறந்தவர்கள் வெளிநாட்டவர் அல்லர், உள்ளூர்வாசிகள்தான் என்பது 2002-ல் உறுதியானது.

2003-ல் வழக்கு சி.பி.ஐ.-யிடம் போனது. 2006-ல் சி.பி.ஐ. ஸ்ரீநகரில் தலைமை நீதித்துறை நடுவரிடம் ராணுவத்தினர் ஐந்து பேர் மீது குற்றப்பத்திரிகை கொடுத்தது. அது போலி மோதல் என்பதே சி.பி.ஐ.-யின் குற்றச்சாட்டு. அரசின் முன் அனுமதி இல்லாமல் இந்த வழக்கை எடுக்கக்கூடாது என்றது ராணுவம். இது கடமையில் செய்த செயலே அல்ல, அனுமதி எதற்கு என்றது சி.பி.ஐ. இந்த ஒரு கேள்விக்காகவே வழக்கு கீழ் நீதிமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

2012 மே 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சாதாரண நீதிமன்றம் விசாரிப்பதாக இருந்தால் முன் அனுமதி கட்டாயம். ராணுவ நீதிமன்றம் விசாரிப்பதாக இருந்தால் அனுமதி தேவையில்லை. எந்த நீதிமன்றம் என்பதை ராணுவம் எட்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். சாதாரண நீதிமன்றம் என்றால் சி.பி.ஐ. அனுமதி கேட்க வேண்டும், அரசு மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

ராணுவம் தன் நீதிமன்றத்தையே தேர்ந்தெடுத்தது. குடும்பத்தார் ஒரு வகையில் ஆறுதல் அடைந்தார்கள். தாமதமானாலும் எங்கோ ஓரிடத்தில் விசாரணை நடக்கப்போகிறதே என்று நினைத்தார்கள். ஆனால் 2014 ஜனவரியில், பதிவு செய்யப்பட்ட சாட்சியங்களில் குற்றச்சாட்டுக்கு முதல்நிலை ஆதாரம் இல்லை என்று சொல்லி ராணுவம் வழக்கை முடித்துவிட்டது. முழு விசாரணைக்கே வழக்கு போகவில்லை. சி.பி.ஐ. மூன்று ஆண்டுகள் விசாரித்துக் குற்றப்பத்திரிகை கொடுத்த வழக்கு, சாட்சிகள் கூண்டில் ஏறுவதற்கு முன்பே மூடப்பட்டது. குடும்பத்தார் உயர் நீதிமன்றம் போனார்கள், 2016-ல் அவர்கள் மனு தள்ளுபடியானது. அதன் பிறகும் விடாமல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள்.

அந்த ஐந்து ராணுவத்தினரும் குற்றவாளிகள் என்று நாம் இங்கே தீர்ப்புச் சொல்லவில்லை. அதைச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. அவர்கள் நிரபராதிகள் என்றால், அந்த உண்மையும் திறந்த நீதிமன்றத்தில், குறுக்கு விசாரணைக்குப் பிறகு வந்திருக்க வேண்டும். அப்படி வராததால் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கும் பதில் இல்லை, குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயரில் விழுந்த கறையும் போகவில்லை.

ராணுவம் தண்டித்த வழக்குகள்

ராணுவ நீதிமன்றம் எப்போதும் விட்டுவிடும் என்று சொல்வதும் சரியாகாது. 2010 ஏப்ரல் இறுதியில் குப்வாரா மாவட்டத்தின் மச்சில் பகுதியில், வேலை தருவதாக அழைத்துச் செல்லப்பட்ட மூன்று இளைஞர்கள் எல்லை தாண்டி வந்த ஊடுருவல்காரர்கள் என்று சொல்லிக் கொல்லப்பட்டார்கள். உண்மை வெளியே வந்ததும் பள்ளத்தாக்கே கொந்தளித்தது. அந்தக் கோடையில் நடந்த போராட்டங்களில் 100 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். வழக்கை ராணுவம் எடுத்துக்கொண்டு விசாரித்தது. 2014-ல் அதிகாரிகள் உட்படப் பலருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பலர் அதைப் பாராட்டினார்கள். ஆனால் 2017-ல் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் ஐந்து பேரின் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்தது.

2020 ஜூலையில் ஷோபியான் மாவட்டத்தின் அம்ஷிபோராவில் ரஜோரியைச் சேர்ந்த மூன்று கூலித் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். வேலை தேடி வந்தவர்கள். அடையாளம் தெரியாத தீவிரவாதிகள் என்று சொல்லி, சொந்த ஊருக்கு வெகு தூரத்தில் அடக்கிவிட்டார்கள். சமூக ஊடகத்தில் வந்த படங்களைப் பார்த்துத்தான் குடும்பத்தார் அடையாளம் கண்டார்கள். மரபணுச் சோதனையில் அது உறுதியாகி, மையித்துகள் தோண்டி எடுக்கப்பட்டுக் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது அக்டோபரில். தன் பிள்ளைக்கு ஜனாஸா தொழ இரண்டரை மாதம் காத்திருந்த பெற்றோரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இந்த வழக்கில் ராணுவமே தவறை ஒப்புக்கொண்டு, வீரர்கள் சிறப்பு அதிகாரச் சட்டத்தின் வரம்பை மீறினார்கள் என்றது. போலீஸ் கொடுத்த குற்றப்பத்திரிகை ராணுவ நீதிமன்றத்துக்குப் போனது. 2023 மார்ச்சில் ஒரு கேப்டனுக்கு ஆயுள் தண்டனை. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்தது.

மேல்முறையீடு நடக்கும்போது ஜாமீன் கொடுப்பது எந்த நீதிமன்றத்திலும் உள்ள நடைமுறைதான். குறை அதில் இல்லை. சாதாரண நீதிமன்றத்தில், விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை 2009 முதல் பாதிக்கப்பட்டவருக்குச் சட்டப்படி உண்டு. அரசு வக்கீலுக்குத் துணையாகத் தங்கள் வக்கீலை வைத்துக்கொள்ளலாம். ஆவணங்களின் நகல் கேட்கலாம். ராணுவச் சட்டத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு இப்படித் தெளிவாக எழுதப்பட்ட இடம் இல்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போய்ச் சொல்லிவிட்டு வரலாம், அவ்வளவுதான். நம்மைப் போன்ற குடும்பங்களைப் பொறுத்தவரை இரண்டு நீதிமன்றங்களுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுவே.

அனுமதி என்ற பூட்டு

நாகாலாந்தின் மோன் மாவட்டம், ஓட்டிங் கிராமம். 2021 டிசம்பர் 4 அன்று நிலக்கரிச் சுரங்க வேலை முடிந்து வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்களை, தீவிரவாதிகள் என்று கருதி ராணுவச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். ஆத்திரம் கொண்ட ஊர்மக்களுக்கும் படையினருக்கும் இடையே நடந்த மோதலையும் சேர்த்து மொத்தம் 14 பொதுமக்களும் ஒரு வீரரும் இறந்தார்கள். மாநிலப் போலீசின் சிறப்புக் குழு விசாரித்து 30 படையினர் மீது குற்றப்பத்திரிகை கொடுத்தது. 2023-ல் மத்திய அரசு அனுமதி மறுத்தது. 2024 செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது. அனுமதி கிடைத்தால் வழக்கைத் தொடரலாம் என்றும், ராணுவம் தன் அளவில் நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்றும் சொன்னது. கொல்லப்பட்டவர்கள் கொன்யாக் நாகா இனத்துக் கிறிஸ்தவ சகோதரர்கள். இது ஒரு சமுதாயத்தின் பிரச்சினை மட்டும் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் அரசே ஒரு கணக்குச் சொன்னது. ஜம்மு காஷ்மீரிலிருந்து 2001 முதல் அனுமதி கேட்டு வந்த 50 வழக்குகளில் 47-க்கு மறுக்கப்பட்டது, 3 நிலுவையில் இருந்தன. ஒன்றுக்குக்கூட அனுமதி இல்லை.

ஆனாலும் நீதிமன்றங்கள் வாசலை முழுவதுமாக அடைத்துவிடவில்லை. மணிப்பூரில் 1979 முதல் 2012 வரை 1,528 பேர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டதாக, உயிரிழந்தவர்களின் குடும்பத்தார் ஒன்றுசேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். அவர்களில் பலர் விதவைகள். முன்னாள் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே தலைமையிலான குழு, மாதிரிக்கு எடுத்துப் பார்த்த ஆறு வழக்குகளில் ஒன்றுகூட உண்மையான மோதல் அல்ல என்றது. 2016 ஜூலையில் நீதிபதிகள் மதன் லோக்கூர், யு.யு. லலித் ஆகியோர், குற்றம் செய்த படையினருக்குச் சாதாரண நீதிமன்ற விசாரணையிலிருந்து முழு விலக்கு என்று ஒன்று கிடையாது எனத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். கணவனை இழந்து, கையில் காசில்லாமல், கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்கள் பெற்ற தீர்ப்பு அது.

பாலியல் குற்றங்கள் பற்றி நீதிபதி வர்மா குழு 2013-ல் தெளிவாகச் சொன்னது. சீருடையில் இருப்பவர் செய்தாலும் அது சாதாரணக் குற்றவியல் சட்டத்தின் கீழ் வர வேண்டும், முன் அனுமதி கூடாது என்றது. மற்ற அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை குற்றவியல் நடைமுறைச் சட்டம் அப்படியே திருத்தப்பட்டது. சிறப்பு அதிகாரச் சட்டத்தைத் திருத்தவில்லை.

வேறு நாடுகளில்

வேறு நாடுகள் இந்தக் கேள்விக்கு வேறு பதில் கண்டிருக்கின்றன. மெக்சிகோவில் 1974-ல் ராணுவச் சோதனைச் சாவடியில் பிடிக்கப்பட்டுக் காணாமல் போன ரொசெண்டோ ராடில்லா என்பவரின் குடும்பம் பல பத்தாண்டுகள் போராடியது. அமெரிக்கக் கண்ட மனித உரிமை நீதிமன்றம் 2009-ல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2014-ல் மெக்சிகோ தன் ராணுவச் சட்டத்தைத் திருத்தி, பொதுமக்களுக்கு எதிராக வீரர் செய்யும் குற்றங்களைச் சாதாரண நீதிமன்றத்துக்கு மாற்றியது. தென்கொரியாவில் பாலியல் குற்றங்களும் வீரர் மரணத்துக்குக் காரணமான குற்றங்களும் 2022 ஜூலை முதல் சாதாரண நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. அந்த நாட்டின் எல்லையில் எதிரி இல்லாமல் இல்லை. ஆகவே, இப்படிச் செய்தால் படையின் மனவலிமை குலைந்துவிடும் என்ற வாதத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

வெளிநாட்டு வீரர் நம் கடலில் குற்றம் செய்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தோம். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலுக்கு அப்பால் இரண்டு மீனவர்களை இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளை. 2020-ல் சர்வதேச நடுவர் மன்றம், அவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் இந்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது, இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றது. 10 கோடி ரூபாய் வந்த பிறகு 2021-ல் உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை முடித்தது. பணம் வந்தது, விசாரணை நடக்கவில்லை.

வீரனுக்கும் நீதி வேண்டும்

இந்த ஊரில் மகனை ராணுவத்துக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். ராணுவ நீதிமன்றம் வீரனுக்குச் சலுகை என்று மட்டும் நினைக்காதீர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அவனைக் குற்றம் சாட்டுவதும், நீதிமன்றத்தைக் கூட்டுவதும், தீர்ப்பை உறுதி செய்வதும் அவனுடைய மேலதிகாரிகளே. ஒரு சாதாரணச் சிப்பாய் மேலதிகாரியின் கட்டளைப்படி நடந்துவிட்டு, பிறகு தான் மட்டும் பலியாகும் நிலை வரக்கூடும். ராணுவ நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து முறையிட 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் அமைக்கப்பட்டது. அதன் கிளை சென்னையிலும் இருக்கிறது. இதை வீரர்களின் குடும்பங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் உயிரைப் பணயம் வைத்து நிற்பவரை நாம் மதிக்கிறோம். தவறு செய்தவரைத் திறந்த நீதிமன்றத்தில் விசாரிப்பது, தவறு செய்யாத மற்ற வீரர்களின் மானத்தைக் காப்பாற்றும்.

குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டியவை

அப்படி ஒரு சோதனை யாருக்கும் வரக்கூடாது என்று துஆ செய்கிறோம். வந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, எந்த நீதிமன்றம் விசாரித்தாலும் தொடக்கம் போலீஸ் நிலையத்தில் பதிவாகும் முதல் தகவல் அறிக்கைதான். அதைப் பதிய யாருடைய முன் அனுமதியும் தேவையில்லை. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வெளி மாநிலத்தில் பிள்ளை காணாமல் போனால், இங்கேயே உடனே எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, உடல் அடையாளமும் பிரேதப் பரிசோதனையும். நாம் சொன்ன வழக்குகளில் உண்மையை வெளியே கொண்டுவந்தது மரபணுச் சோதனைதான். சீக்கிரம் அடக்க வேண்டும் என்பது நம் வழக்கம். சந்தேக மரணம் என்றால், பிரேதப் பரிசோதனை நடந்து, அதற்கான தாள் கைக்கு வந்த பிறகு அடக்குங்கள். புகைப்படங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, தேசிய மனித உரிமை ஆணையம். ஆயுதப்படையினர் மீதான புகாரில் அந்த ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்ய மட்டுமே முடியும். ஆனாலும் ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும். அந்த அறிக்கையே பின்னால் ஆதாரமாகலாம்.

நான்காவது, இலவச சட்ட உதவி. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. தொலைபேசி எண் 15100. மனு எழுதத் தெரியவில்லை என்றால் நமது அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

ஐந்தாவது, இழப்பீடு வேறு, குற்ற விசாரணை வேறு. இழப்பீடு வாங்கினால் வழக்கு போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். வாங்கும் முன் கையெழுத்துப் போடும் தாளை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.

நாம் கேட்பது

நாம் கேட்பது மூன்றே விஷயங்கள். பொதுமக்களைக் கொன்றதாகவோ பெண்களிடம் அத்துமீறியதாகவோ ஒரு வீரர் மீது குற்றச்சாட்டு வந்தால், அது எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் சாதாரண நீதிமன்றத்துக்கே வர வேண்டும். முன் அனுமதி கேட்டால் அரசு குறித்த காலத்துக்குள் காரணம் எழுதிப் பதில் சொல்ல வேண்டும். ராணுவ நீதிமன்றமே விசாரிக்கும் வழக்கில், இறந்தவரின் குடும்பத்துக்கு வக்கீல் வைக்கவும் ஆவணம் பெறவும் மேல்முறையீடு செய்யவும் உரிமை வேண்டும். இவை சட்டத்துக்குள் நின்று, நாடாளுமன்றத்தின் வழியாகச் செய்யக்கூடியவை. சிறப்பு அதிகாரச் சட்டத்தையே நீக்கலாம் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி குழு 2005-லேயே பரிந்துரைத்திருக்கிறது. நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் ஊருக்கு வரும்போது சாலை, குடிநீர் கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

பத்ரிபல் தாய்க்கும் ஓட்டிங் தாய்க்கும் தீவுத்திடல் பக்கத்துக் குடிசைத் தாய்க்கும் வலி ஒன்றுதான். அவர்களில் ஒருவருக்கு மட்டும் ஓராண்டுக்குள் நீதிமன்றம் பதில் சொன்னது. மற்றவர்களுக்கும் அந்தப் பதில் கிடைக்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை கிடைக்க வேண்டும். அதற்காக நம்மால் இயன்றதைச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.